தலைகீழாக வைத்துப் பார்க்கவும்

கிருஷ்ணகிரி,
14-9-1957

சென்னப்பனுக்கு அண்ணன் எழுதுவது.

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். ஆறு வருஷமாக உனக்கு ஒரு கார்டுகூடப் போடாதவன் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பாசம் என்று நினைத்துவிடாதே. நீயும் ராஜாத்தியும் சுகமாக இருப்பதாக ஓசூர் பஸ்ஸில் வருகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இரத்தக் கொதிப்பு. மற்றபடி குறைவில்லை.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில், ஆசிரியர்கள் அறையில், டிராயிங் மாஸ்டர் ராஜப்பன் ஒரு வாரப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, "பாத்தீங்களா சார், வெறும் முதுகை வெச்சே ஒரு பொம்பளையோட துக்கம் பூராவும் சொல்லிட்டான். பாவம், எந்த வீட்டு விதவையோ!" என்றார். எட்டிப் பார்த்தேன். பெங்களூர் புகைப்படக் கண்காட்சியில் பரிசு பெற்ற படம். எடுத்தவர்: ஓசூர் சென்னப்பன். தலைப்பு: 'கைம்பெண்.'

முதுகைக் கண்டே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ராஜப்பனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

சாந்தம்மா பொட்டோடும் தாலியோடும் போனவள். அவள் புருஷன் நான் உயிரோடு இருக்கிறேன். அவளுக்கு இப்படி ஒரு பட்டம் கட்டி நாலு ஊர் பார்க்கத் தொங்கவிட உனக்கு யார் உரிமை கொடுத்தது? அவள் இறந்தபோது சுவரில் மாட்ட ஒரு முகம் கேட்டேன். முகம் எடுக்கவில்லை என்றாய். முதுகை மட்டும் எடுத்து ஒளித்து வைத்திருந்தாயாக்கும். படம் எடுத்துக்கொள்ள வந்த அன்றைக்கு உன் ஸ்டூடியோவில் மறந்து வைத்த என் சேலத்து அங்கவஸ்திரத்தையும் நீ திருப்பித் தரவில்லை. நான் எதையும் மறக்கவில்லை.

நெகடிவைக் கொளுத்திவிட்டு எழுது.

ம. தீர்த்தகிரி, பி.ஏ., எல்.டி.


ஓசூர்,
20-9-1957

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

திட்டி எழுதியிருந்தாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ராஜாத்தி கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொதிப்புக்கு உப்பைக் குறைக்கச் சொல்கிறாள்.

தலைப்பு நான் வைத்ததல்ல. 'வாசல்' என்றுதான் எழுதி அனுப்பினேன். கண்காட்சிக் கமிட்டியார் மாற்றிவிட்டார்கள். மொட்டைத் தலையும் வெள்ளைப் புடவையுமாக நின்றால் வேறு என்ன பெயர் வைப்பது என்று கேட்டார்கள். அண்ணி அன்று கட்டியிருந்தது திருப்பதிக்குப் போய்வந்த மஞ்சள் புடவை. உங்களுக்கும் தெரியும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் மஞ்சள் வெளுத்துத்தான் விழும். மத்தூரிலோ குந்தாரப்பள்ளிச் சந்தையிலோ இந்தப் படத்தைக் காட்டினால், "திருப்பதி போயி வந்தாங்களா?" என்று கேட்பார்கள். பட்டணத்தார் விதவை என்கிறார்கள். அந்தச் சொல் எனக்கும் புதிதல்ல, அண்ணா. அதை விடுங்கள்.

பத்திரிகையில் அச்சு மோசம். பெரிய பிரிண்ட் ஒன்று போட்டு அட்டையில் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். அப்புறமும் கொளுத்து என்றால் கொளுத்திவிடுகிறேன்.

தம்பி,
சென்னப்பன்


கிருஷ்ணகிரி,
2-10-1957

சென்னப்பனுக்கு,

உன் கடிதமும் பார்சலும் வந்தன. உப்பைக் குறைத்தாயிற்று.

பார்த்தேன். கட்டுரைத் தாள் திருத்துவது போல எதிரில் வைத்துத் திருத்தினேன். பிழைகள்: ஒன்று, முகம் இல்லை. இரண்டு, ஆள் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி நிற்கிறாள், மீதி இடமெல்லாம் வெறும் கதவும் வெளிச்சமும். மூன்று, கீழே வாசற்படிமேல் கறுப்பாக ஏதோ கறை. கழுவும்போது மருந்து சிந்திவிட்டது போலும். நான்கு, தலை குனிந்திருக்கிறது. தெருவைப் பார்க்கிறவள் எதற்குக் குனிய வேண்டும்? நூற்றுக்கு இருபத்தெட்டு போடலாம். தேர்ச்சி இல்லை.

எங்கள் ஹெட்மாஸ்டர் இதைக் கலை என்கிறார். எனக்கு மூன்று வருஷம் இளையவர், என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், அதனால் அவர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கண்ணால் பார்க்கிறதை ஒரு பெட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது. இதில் உன் கலை எங்கே இருக்கிறது? பொழுதிருந்தால் விளக்கி எழுது.

ம. தீர்த்தகிரி, பி.ஏ.


ஓசூர்,
11-10-1957

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மழை. இருவரும் நலம். உங்களுக்குக் கொதிப்பு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இருபத்தெட்டு மார்க்குக்கு மிகவும் நன்றி. கணக்கில் நீங்கள் எனக்கு எப்போதும் இதைவிடக் குறைவாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.

எனக்கு விளக்கிச் சொல்ல வராது. தொழிலில் நான் செய்வதைச் சொல்கிறேன். ஸ்டூடியோக் காமிராவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், எதிரில் இருக்கிற ஆள் கண்ணாடியில் தலைகீழாகத்தான் தெரிவார். முதலில் எனக்குத் தலை சுற்றும். அப்புறம் அதில் ஒரு சௌகரியம் இருப்பது தெரிந்தது. தலைகீழாகப் பார்க்கிறபோது இது மிராசுதார், இது தாசில்தார் சம்சாரம் என்பதெல்லாம் மறந்துபோகும். எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு, எது எதன்மேல் சாய்கிறது என்பது மட்டும் நிற்கும்.

நீங்கள் அந்தப் படத்தில் அண்ணியையே பார்க்கிறீர்கள். அதனால் படம் உங்கள் கண்ணில் படவில்லை. தலைகீழாக வைத்துப் பாருங்கள். அண்ணி இருக்கிற பாதியை ஒரு காகிதத்தால் மூடிவிடுங்கள். நாளைக்கு ஒரு மூலையாகப் பாருங்கள். கடைசியில் காகிதத்தை எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: அவங்க எதைப் பார்க்கிறாங்க? தெருவை அல்ல. நீங்களே பிழையாகக் குறித்திருக்கிறீர்கள். அது பிழை அல்ல.

மருந்து சிந்தவில்லை, அண்ணா. நான் கைசுத்தமாகத்தான் கழுவுவேன்.

சென்னப்பன்


கிருஷ்ணகிரி,
3-11-1957
(கார்டு)

சென்னப்பனுக்கு. நலம். தேர்வுத் தாள்கள் குவிந்திருப்பதால் விரிவாக எழுத முடியவில்லை. அந்தப் படம் எடுத்தபோது மணி என்ன என்று மட்டும் தெரிவிக்கவும். உன் பிரிண்டைத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருக்கிறேன். தபாலாபீஸ் போகும்போது சேர்ப்பேன்.

தீர்த்தகிரி


ஓசூர்,
10-11-1957

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆசை. மணி நாலரை. ஸ்டூடியோ வாசல் மேற்கு பார்த்தது. நீங்கள் வெளியே போன பிறகு கொஞ்ச நேரத்தில் எடுத்தது. கைக்காமிராவை எடுத்து, பிலிமைத் திருப்பி, ஒரு கிளிக். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நீங்கள் அதற்குள் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டிருப்பீர்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிரிண்ட் இன்னும் வந்து சேரவில்லை. அவசரமில்லை.

சென்னப்பன்


ஓசூர்,
22-12-1957

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டரிடம் விசாரித்தேன். "வாத்தியாரா? குடையக் கக்கத்துல இடுக்கிக்கினு ஸ்கூலுக்குப் போவுறாரு, வர்றாரு" என்றார். மனம் ஆறியது.

சென்னைக் கண்காட்சிக்கு 'வாசல்' படத்தைக் கேட்கிறார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அனுப்ப மாட்டேன். தை பிறப்பதற்குள் ஒரு வரி எழுதினால் போதும். வேண்டாம் என்றாலும் எழுதுங்கள். அந்தத் தலைப்பு இனி எந்த ஊரிலும் இருக்காது. அதற்கு நான் பொறுப்பு.

சென்னப்பன்


ஓசூர்,
19-1-1958

பெரிய மாமாவுக்கு ராஜாத்தி நமஸ்காரம் பண்ணி எழுதிக்கொள்வது.

நீங்க நல்லா இருக்கீங்களா? பொங்கலுக்கு வருவீங்கன்னு எள்ளு உருண்டை பிடிச்சி வெச்சேன். வரல. எறும்புதான் பொங்கல் கொண்டாடுச்சி. என் எழுத்து கோணலா இருந்தா மன்னிக்கணும். நான் படிச்சது கன்னடம். தமிழ் எழுத்து சாந்தம்மா அக்கா சொல்லிக் குடுத்தது. நான் ரா போட்டா அது தேள் மாதிரி இருக்குதுன்னு சிரிப்பாங்க. இப்பவும் அப்படித்தான் இருக்குது.

இவரு சொல்ல மாட்டாரு. அதான் நான் எழுதுறேன். நான் எழுதுறது இவருக்குத் தெரியாது.

உங்களுக்கு விஷக்காய்ச்சல் வந்து நாப்பது நாள் கிடந்தீங்க. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. அப்பத்தான் அக்கா வேண்டிக்கிட்டாங்க. நீங்க எழுந்து உக்காந்ததும் திருப்பதிக்கு என்னையும் கூட்டிக்கினு போயி முடி குடுத்தாங்க. இடுப்புக்குக் கீழ இருந்த முடி. நான் அழுதேன். அவங்க தலையத் தடவிக்கினு, "முடி போனாப் போவுது போ, ஆளு கெடச்சாரில்ல? முடி கடையில விக்கும்டி, இந்த வாத்தியாரு எங்க விப்பாங்க?"ன்னாங்க.

மறு மாசம் ஸ்டூடியோ திறந்தோம். மொத படம் அண்ணன் அண்ணி ஜோடியாத்தான் எடுக்கணும்னு இவருக்கு ஆசை. நாற்காலி ரெண்டு போட்டோம். நீங்க உக்காந்தீங்க. அக்கா முக்காட்டை எடுத்ததும் எழுந்துட்டீங்க. என்ன சொல்லிட்டுப் போனீங்கன்னு நான் எழுத மாட்டேன். என் கை எழுதாது. உங்களுக்கு நெனப்பிருக்கும்.

அக்கா வாசல்ல நின்னுட்டு உள்ள வந்தாங்க. அழல. "சென்னப்பா, வெளக்கப் போடு, எடு"ன்னாங்க. இவரு எடுத்தாரு. முகம் இருக்குது மாமா. ஆறு வருஷமா டப்பாவுல இருக்குது. அக்கா போன அப்புறம் நீங்க முகம் கேட்டு எழுதுனப்ப, "இருந்தா ஆர்ட்டிஸ்டை வெச்சி முடி வரைஞ்சி மல்லிப்பூ வெச்சி அனுப்பு"ன்னு எழுதுனீங்க. அதனாலதான் இவரு இல்லன்னுட்டாரு. பொய் சொன்னதுக்கு அன்னிக்கு சோறு துன்னல.

கோவிச்சுக்கிறதுன்னா என் மேல கோவிச்சுக்குங்க.

இப்படிக்கு,
ராஜாத்தி


கிருஷ்ணகிரி,
2-2-1958

சென்னப்பா,

சுகமா? ராஜாத்தியைக் கோபிக்காதே. அவளுடைய ரா தேள் மாதிரிதான் இருக்கிறது.

முகம் இருக்கிறதாமே. அனுப்பு. முடி வரைய வேண்டாம். பூ வைக்க வேண்டாம். எடுத்தது எப்படியோ அப்படி.

அண்ணன்


ஓசூர்,
12-2-1958

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். ராஜாத்தி அழுது ஓய்ந்து இப்போது எல்லாரையும் அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

பொய் சொன்னது என் குற்றம்தான். அண்ணி அன்றைக்கு எழுந்து போகும்போது சொன்னது இது: "அவரு தானா கேட்டா மட்டும் குடு. நல்லாருக்குமேன்னு முடி கிடி வரைஞ்சி குடுத்துடாதே. இது நான் வேண்டிக்கிட்டுக் குடுத்தது. இல்லாத மாதிரி பண்ணா சாமிக்கு ஆவாது." நீங்கள் ஆர்ட்டிஸ்ட் என்று எழுதினீர்கள். நான் அண்ணி பேச்சைக் கேட்டேன். அதைச் சொல்லி விளக்காமல் விட்டது தப்பு. அண்ணி போன துக்கத்தில் இருந்த உங்களிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இந்தக் கவருக்குள் இன்னொரு கவர் ஒட்டி இருக்கிறது. படம் அதில். உங்களுக்குத் தோன்றும்போது பிரித்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்குத் தேதி தள்ளிவைத்திருக்கிறார்கள். பங்குனிக்குள் நீங்கள் சரி என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவேன். கீழே ஒட்ட நாலு வரிக் குறிப்பு வேண்டும். எழுத்து என்னால் ஆகாது. நீங்கள் எழுதி, உங்கள் பெயரையும் பட்டத்தையும் போட்டு அனுப்புங்கள். புருஷன் கையால் வந்த குறிப்பு என்றால் எவனும் தலைப்பை மாற்ற மாட்டான்.

தம்பி,
சென்னப்பன்


கிருஷ்ணகிரி,
9-3-1958

சென்னப்பா,

நீயும் ராஜாத்தியும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பு பரவாயில்லை.

கவரைப் பதினெட்டு நாள் பிரிக்கவில்லை. பிரித்ததும் நேராகப் பார்க்கத் துணிவில்லாமல், நீ சொன்னபடி தலைகீழாக வைத்தேன்.

வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது. அது வாசல் வெளிச்சம். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஆள். மற்றொன்றில் மடித்த துணி, கரை தெரிகிறது. என் அங்கவஸ்திரம். நீ எடுத்துக்கொண்டாய் என்று ஆறு வருஷம் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நீ அந்த நாற்காலியைப் படத்தில் விட்டு வைத்திருக்கிறாய். ஒதுக்கிவிட்டு எடுத்திருக்கலாம். வெட்டியிருக்கலாம். இதுதான் உன் கலை என்றால் எனக்கு இப்போது விளங்குகிறது. எதை விட்டுவிடக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு நேராகத் திருப்பினேன். காதுக்குமேல் சவரக்கத்தி பட்ட சின்ன வடு. தலையில் ஒரு விரற்கடைகூட இல்லாத முடி, அதன் நுனியில் வெளிச்சம். எப்போதும் ரவிக்கைக்குள் போட்டிருப்பவள் தாலிச்சரடை வெளியே எடுத்துப் புடவைமேல் விட்டுக்கொண்டிருக்கிறாள். யாருடைய சொல்லுக்குப் பதிலாக அதை வெளியே எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் உன் காமிராவைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்க்கிறாள்.

"தாலியறுத்தவளப் பக்கத்துல ஒக்கார வெச்சிப் படம் எடுத்துக்கச் சொல்றியாடா? முடி வளரட்டும்." அன்றைக்கு நான் சொன்னது இது. ராஜாத்தியின் கை எழுத மறுத்தது. என் கை எழுதட்டும். என் உயிருக்காகக் கொடுத்த முடியை நான் அப்படிச் சொன்னேன். நான் அந்தத் தலைப்பைப் பார்த்துக் கொதித்தது, அதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்ததால்தான். முடி நாலு விரற்கடை வளர்வதற்குள் காமாலை வந்து அவள் போய்விட்டாள். 'வளரட்டும்' என்று நாள் குறித்தவன் நான்.

முதல் படத்துக்கு வருகிறேன். ஐப்பசியிலேயே தெரிந்துவிட்டது. எழுதவில்லை. தலைகீழாக வைத்து, அவளைக் காகிதத்தால் மூடியதும், நான் கறை என்று குறித்தது எழுந்து நின்றது. ஒரு தலை, ஒரு தோள், கக்கத்தில் இடுக்கிய குடை. மணி நாலரை என்று நீ எழுதியதும் சந்தேகம் தீர்ந்தது. மேற்கு வெயிலில் என் நிழல் அவள் காலடியில் விழுந்திருக்கிறது.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை, சென்னப்பா. இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் வாசலுக்கு இடப்பக்கம், சுவரை ஒட்டி நின்றேன். அவள் ஒரு வார்த்தை கூப்பிட்டால் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவது என்று நின்றேன். கூப்பிடவில்லை. என் சொல் அவளைத் தைக்கவில்லை, அவள் பாட்டுக்கு உள்ளே இருக்கிறாள் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில்தான் கிருஷ்ணகிரி பஸ்ஸில் தனியாக ஏறினேன். அந்தக் கோபத்தில்தான் அவள் சாகிறவரை மூன்று மாதம் சரியாகப் பேசாமல் இருந்தேன். அவள் வாசல்வரை வந்து, குனிந்து, என் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியும். நானாக வருவேன் என்று அவள் நின்றிருக்கிறாள். நடுவில் ஒரு சுவர். உன் பிலிமுக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரிந்திருக்கிறது.

நெகடிவைக் கொளுத்தாதே. இரண்டையும் மாட்டு. முதல் பிரிண்டை நான் திருப்பி அனுப்பப்போவதில்லை. அது என் மேஜைக்கு எதிரில் இருக்கிறது. இருபத்தெட்டு மார்க் போட்டதை அடித்துவிட்டேன். வேறு எண் எழுதவில்லை.

குறிப்பு:

'இவள் விதவை அல்ல. புடவை மஞ்சள். கணவன் பிழைத்ததற்காகத் திருப்பதியில் முடி கொடுத்துவிட்டு வந்தவள். வாசற்படியில் கிடக்கும் நிழல் அவனுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறான்.'

இவ்வளவு போதும். பெயரும் பட்டமும் கேட்டாய். பேனாவை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தில் அந்த நாற்காலியில் ஆள் இல்லை, துண்டுதான் இருக்கிறது. குறிப்பின் கீழும் இடத்தை வெறுமையாக விட்டுவிடு. இந்தக் கடிதத்தையும் நான் அப்படியே ஒட்டி, கையெழுத்துப் போடாமல் தபாலில் சேர்க்கிறேன்.